மாத்திரை கொடுத்து 30 நிமிடம் பார்ப்பதா, உடனே அட்ரினலின் போடுவதா? முகாம் முதலுதவித் தாளில் சந்தேகம்

முகாம்_பொறுப்பு எழுதியது:

வணக்கம். 9 முதல் 15 வயதுப் பிள்ளைகள் ஒரு வாரம் தங்கும் முகாமுக்கு முதலுதவித் தாளைப் புதுப்பிக்கிறோம். ஆம்புலன்ஸ் வந்து சேர 35–40 நிமிடம் ஆகும் இடம். பதிவு செய்தவர்களில் நான்கு பேருக்கு உணவு அலர்ஜி, ஒருவருக்குத் தேனீக் கொட்டு அலர்ஜி. எடை 22 கிலோவிலிருந்து 51 கிலோ வரை. கையில் 0.15 மி.கி., 0.3 மி.கி. அட்ரினலின் பேனா ஊசிகள் தலா இரண்டு, செட்டிரிசின் என்ற அலர்ஜி மாத்திரை, ஆஸ்துமா இன்ஹேலர் இருக்கின்றன.

பழைய தாளில் உள்ளது இதுதான்: "தடிப்போ வாந்தியோ வந்தால் முதலில் அலர்ஜி மாத்திரை. 30 நிமிடம் கவனிக்கவும். மூச்சுத் திணறினால் மட்டும் அட்ரினலின். நாற்காலியில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுக்கவும். சரியாகிவிட்டால் அறையில் ஓய்வெடுக்க விடவும்."

இதில் எதை மாற்ற வேண்டும், ஏன் மாற்ற வேண்டும்? காரணம் தெரிந்தால்தான் உதவியாளர்களுக்கு விளக்க முடியும். 22 கிலோ, 27 கிலோ பிள்ளைகளுக்கு எந்தப் பேனா என்பதிலும் குழப்பம்.

அவசரப்பிரிவு_மருத்துவர் எழுதியது:

ஐந்து வரியும் மாறவேண்டும். முதல் வரியைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது, உயிர் தப்புமா போகுமா என்பது அங்கேயே முடிவாகிவிடுகிறது.

அனாபிலாக்சிஸில், அதாவது உயிருக்கே ஆபத்தான கடும் அலர்ஜித் தாக்குதலில், மாஸ்ட் செல்கள் (அலர்ஜி ரசாயனங்களைச் சேர்த்து வைத்திருக்கும் செல்கள்) கொட்டுவது ஹிஸ்டமின் மட்டுமில்லை. லியூகோட்ரையீன்கள், புரோஸ்டாகிளாண்டின்கள், பிளேட்லெட் ஆக்டிவேட்டிங் ஃபேக்டர் என்ற வேறு ரசாயனங்களும் சேர்ந்தே வருகின்றன. செட்டிரிசின், ஹிஸ்டமின் போய் உட்காரும் இடத்தை மட்டும் அடைக்கிறது. மற்றவற்றைத் தொடாது, செல்கள் கொட்டுவதையும் நிறுத்தாது. அதுவும் வாய்வழி போய் ரத்தத்தில் உச்ச அளவை எட்ட ஏறத்தாழ 1 மணி நேரம் எடுக்கும். இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அரிப்பும் தடிப்பும் மாத்திரைக்கு அடங்குவதைப் பார்த்ததும் எல்லோரும் நிம்மதி அடைந்துவிடுவார்கள். உள்ளே தொண்டை வீக்கமும் ரத்த அழுத்தச் சரிவும் அதுபாட்டுக்கு நடந்துகொண்டிருக்கும்.

அட்ரினலின் நான்கு வேலையை ஒரே நேரத்தில் செய்கிறது: விரிந்துபோன ரத்தக் குழாய்களைச் சுருக்கி அழுத்தத்தை ஏற்றுகிறது, தொண்டை வீக்கத்தைக் குறைக்கிறது, இறுகிய மூச்சுக்குழலைத் தளர்த்துகிறது, மாஸ்ட் செல்கள் மேலும் கொட்டுவதைத் தணிக்கிறது. இத்தனையும் செய்யும் வேறு மருந்து கிடையாது.

அந்த 30 நிமிடக் காத்திருப்பு எவ்வளவு ஆபத்து என்று உதவியாளர்களுக்குச் சொல்ல ஒரு ஆய்வு போதும். பிரிட்டனில் 1992–98 காலத்தில் அனாபிலாக்சிஸால் இறந்தவர்களின் விவரங்களை ரிச்சர்ட் பம்ஃப்ரி தொகுத்து 2000-இல் வெளியிட்டார். மூச்சோ இதயமோ நிற்கும் வரையான இடைநிலை நேரம் உணவால் என்றால் 30 நிமிடம், பூச்சிக் கொட்டால் 15, மருத்துவமனையில் நரம்பு வழி ஏற்றிய மருந்துகளால் 5. இடைநிலை என்றால் பாதிப்பேருக்கு அதற்கு முன்பே நின்றுவிட்டது என்று பொருள். பழைய தாள் "கவனிக்க" ஒதுக்கிய நேரமும் அதே 30 நிமிடம்தான். தேனீ அலர்ஜி உள்ள பிள்ளைக்கு அது இரண்டு மடங்கு தாமதம்.

எப்போது போடுவது? "மூச்சுத் திணறினால் மட்டும்" என்ற நிபந்தனையை எடுத்துவிடுங்கள். உலக அலர்ஜி அமைப்பின் 2020 வரையறையை எளிதாக இப்படிச் சொல்லலாம். தோலில் தடிப்பு, சிவப்பு அல்லது உதட்டு வீக்கம் திடீரென்று வந்து, கூடவே மூச்சுத் தொந்தரவு, மயக்கம் போன்ற ரத்த அழுத்தக் குறி, அடங்காத வாந்தி அல்லது கடும் வயிற்றுவலி இவற்றில் ஒன்று இருந்தாலும் போடவேண்டும். அலர்ஜி என்று தெரிந்த பொருள் உள்ளே போனபிறகு வீசிங், குரல் கம்மல், மயக்கம் இவற்றில் ஒன்று வந்தால், தோலில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் போடவேண்டும். 10 முதல் 20 சதவீதம் பேருக்குத் தோலில் எதுவும் தெரிவதில்லை. தடிப்பைத் தேடிக்கொண்டிருந்தால் அவர்களைத் தவறவிடுவோம்.

நாற்காலி வரியை இன்றைக்கே அடித்துவிடுங்கள். கடுமையான அனாபிலாக்சிஸில் 10 நிமிடத்துக்குள் ரத்தக் குழாயிலுள்ள திரவத்தில் 35 சதவீதம் வரை திசுக்களுக்குள் கசிந்துவிடலாம். மீதி ரத்தமும் விரிந்த கால் நரம்புகளில் தங்கும். அந்த நிலையில் பிள்ளையை நிமிர்த்தினால் இதயத்துக்குத் திரும்பிவர ரத்தமே இருக்காது. படுத்திருந்தவர்களை எழுப்பி உட்காரவைத்ததும் அல்லது நிற்கவைத்ததும் உயிர் போன நிகழ்வுகளைப் பம்ஃப்ரி 2003-இல் பதிவு செய்தார். ஆகவே மல்லாக்கப் படுக்கவைத்துக் கால்களைச் சற்று உயர்த்துங்கள். வாந்தி வந்தாலோ நினைவு மங்கினாலோ இடப்பக்கம் ஒருக்களிக்க வையுங்கள். மூச்சுத் திணறலால் படுக்க முடியவில்லை என்றால் தரையிலேயே கால் நீட்டி உட்காரலாம், முதுகுக்குப் பின்னால் ஒருவர் தாங்கிக்கொள்ள வேண்டும். கழிப்பறைக்குக்கூட நடக்கவிடக் கூடாது. வயிற்றைப் புரட்டுகிறது என்று பிள்ளை எழுந்து ஓடப் பார்க்கும், அப்போதுதான் சரிந்து விழும்.

தண்ணீர் வேண்டாம். தொண்டை வீங்கும்போதும் வாந்தி வரும்போதும் அது புரையேறும்.

முதல் ஊசிக்கு 5 நிமிடத்தில் தெளிவான முன்னேற்றம் இல்லையென்றால் இரண்டாவது ஊசி, மறு தொடையில். சுமார் 10-ல் ஒருவருக்கு இது தேவைப்படுகிறது. உங்கள் தொலைவுக்கு ஒரு பிள்ளைக்கு இரண்டு பேனா என்பதே குறைந்தபட்சக் கணக்கு. நான்கு பேனாவை ஐந்து பேருக்குப் பொதுவாக வைத்திருப்பது போதாது. தங்களுடைய இரண்டு பேனாவைக் கையோடு கொண்டுவரச் சொல்லிப் பெற்றோரிடம் எழுதிக் கேளுங்கள். முகாமில் உள்ள நான்கும் கூடுதல் இருப்பாக இருக்கட்டும்.

மருந்தாளுநர்_ம எழுதியது:

எடைக் கேள்விக்கு: கணக்கு கிலோவுக்கு 0.01 மி.கி. தொடைத் தசையில் ஒரு தடவைக்குக் குழந்தைகளுக்கு உச்சவரம்பு 0.3 மி.கி., பெரியவர்களுக்கு 0.5 மி.கி. பல பேனாக்களின் அட்டையில் 15–30 கிலோவுக்கு 0.15 என்று அச்சிட்டிருக்கும். ஆனால் 27 கிலோ பிள்ளைக்குத் தேவை 0.27. 0.15 கொடுத்தால் பாதியை ஒட்டித்தான் போகிறது. அதனால்தான் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அமைப்பு 2017-இல் 25 கிலோவிலிருந்தே 0.3-க்கு மாறலாம் என்றது. 27 கிலோவுக்கு 0.3 பேனா. 22 கிலோவுக்கு 0.15. அந்தப் பிள்ளையின் மருத்துவர் வேறு அளவு எழுதிக் கொடுத்திருந்தால் அதுதான் செல்லும். முகாம் முதல் நாளே எடை பார்த்துப் பெயருக்கு நேராக எழுதிவிடுங்கள், பதற்றத்தில் கணக்குப் போட முடியாது.

பேனா கிடைக்காத இடங்களில் ஆம்பூலும் (மருந்துள்ள சிறு கண்ணாடிக் குப்பி) சிரிஞ்சும் வைக்கலாமா என்று அடுத்த கேள்வி வரும். பயிற்சி பெற்ற செவிலியர் எப்போதும் அங்கேயே இருந்தால் மட்டும். சைமன்ஸ் குழுவின் 2001 ஆய்வில் ஆம்பூலிலிருந்து ஒரு டோஸ் இழுக்கப் பெற்றோருக்குச் சராசரி 142 விநாடி ஆனது, அவசரப்பிரிவு செவிலியருக்கு 29 விநாடி. நேரத்தைவிட மோசம், பெற்றோர் இழுத்த அளவுகளுக்குள் 40 மடங்கு வித்தியாசம் இருந்தது. 1 மி.லி. சிரிஞ்சில் 0.2-க்கும் 0.02-க்கும் இடையே இருப்பது சிறு தூரம்தான், கை நடுங்கும்போது கண் ஏமாறும். அடர்த்தியிலும் தவறு நடக்கிறது. தசையில் போடுவது 1 மி.லி.-க்கு 1 மி.கி. உள்ள ஆம்பூல், பழைய எழுத்தில் 1:1000. இதயம் நின்றவருக்கு நரம்பில் ஏற்றுவது அதைவிடப் பத்து மடங்கு நீர்த்தது, 1:10,000. ஒரு சுழியம் குறைந்தாலோ கூடினாலோ பத்து மடங்கு பிழை. இந்த விகித எழுத்தால் தவறுகள் தொடர்ந்ததால்தான் அமெரிக்காவில் 2016-இல் அட்ரினலின் லேபிளிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள்.

தசைக்கான ஆம்பூலை அப்படியே நரம்பில் ஏற்றுவது உயிருக்கே ஆபத்து, இதயத் துடிப்பு தாறுமாறாகும். தோலுக்கடியில் போட்டாலும் பயன் தாமதமாகும். குழந்தைகளிடம் செய்த 1998 ஆய்வில் தொடைத் தசை ஊசி சராசரி 8 நிமிடத்தில் ரத்தத்தில் உச்சத்தைத் தொட்டது, தோலடி ஊசிக்கு 34 நிமிடம். புஜம் வேண்டாம், தொடையின் வெளிப்பக்க நடுப்பகுதிதான்.

சேமிப்பு: 20–25 டிகிரி. ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது, வெயிலில் நிற்கும் வண்டியிலும் கூடாது. பேனாவின் பக்கவாட்டில் சிறு ஜன்னல் இருக்கும். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். மருந்து தண்ணீர்போலத் தெளிவாக இருக்க வேண்டும். இளஞ்சிவப்போ பழுப்போ ஏறியிருந்தால், துகள் மிதந்தால், அட்ரினலின் ஆக்சிஜனேற்றம் அடைந்துவிட்டது, மாற்றிவிடுங்கள். காலாவதியான பேனா ஒன்றுதான் கையில் இருக்கிறது, மருந்து தெளிவாக இருக்கிறது என்றால் அதைப் போடாமல் இருப்பதைவிடப் போடுவது மேல். அதற்காக அதையே இருப்புக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

ஊசியில்லாத மூக்கு ஸ்பிரேவுக்கு அமெரிக்காவில் 2024 ஆகஸ்டில் அனுமதி கிடைத்தது, 30 கிலோவும் அதற்கு மேலும் என்றால் 2 மி.கி. 15 முதல் 30 கிலோவுக்குள் என்றால் 1 மி.கி., அது 2025-இல் வந்தது. எந்தப் பிள்ளையாவது அதைக் கொண்டுவந்தால் திகைக்காமல் இருக்கவே சொல்கிறேன். மூக்கு அளவு வேறு, தசை அளவு வேறு, இரண்டையும் ஒப்பிடாதீர்கள்.

முகாம்_பொறுப்பு எழுதியது:

டாக்டர், மருந்தாளுநர், இருவருக்கும் நன்றி. உதவியாளர்கள் கேட்பது இதுதான்: "உண்மையில் அனாபிலாக்சிஸ் இல்லாமல் இருந்து நாம் ஊசி போட்டுவிட்டால் இதயத்துக்கு ஏதாவது ஆகிவிடாதா?" இந்தப் பயம்தான் எல்லோரையும் மாத்திரைப் பக்கம் தள்ளுகிறது. இன்னொன்று, உதறும் பிள்ளைக்கு எப்படிப் போடுவது?

வார்டு_சிஸ்டர் எழுதியது:

பயத்துக்கு முதலில் பதில். தசையில் சரியான அளவு போட்டால் முகம் வெளுக்கும், கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், தலை வலிக்கும். சிறிது நேரத்தில் தணிந்துவிடும். ஆரோக்கியமான பிள்ளைக்கு இதனால் கெடுதல் வருவது மிக அபூர்வம். அனாபிலாக்சிஸ் என்று வந்துவிட்டால் அட்ரினலின் கூடவே கூடாது என்று எந்த நோயையும் வழிகாட்டுதல்கள் சொல்வதில்லை, இதய நோயாளிக்கும் அதுவே முதல் மருந்து. தேவையில்லாமல் போட்ட ஊசியால் பிள்ளைக்குக் கொஞ்ச நேரப் படபடப்பு. தேவைப்பட்டபோது போடாத ஊசியைப் பிறகு ஈடுகட்டவே முடியாது. சந்தேகம் வந்தாலே போடுங்கள்.

இனி கைப்பழக்கம். பிள்ளையைப் படுக்கவைத்ததும் ஒருவர் முழங்காலுக்கு மேலும் இடுப்பருகிலும் கைவைத்துக் காலை அழுத்திப் பிடிக்க வேண்டும். பிள்ளை உதைத்துத் தொடையை ஊசி கிழித்த நிகழ்வுகள் பதிவாகியிருக்கின்றன. இன்னொருவர் பேனாவை முஷ்டியால் பற்ற வேண்டும், கட்டைவிரல் எந்த முனையிலும் இருக்கக் கூடாது. பேனாவைத் தலைகீழாகப் பிடித்துக் கட்டைவிரலில் குத்திக்கொள்வது அடிக்கடி நடக்கும் தவறு. விரல் வெளுத்து மரத்துப்போகும், அதைவிட முக்கியம், பிள்ளைக்குப் போகவேண்டிய மருந்து போய்விட்டது. எபிபென் என்ற வகைப் பேனா என்றால் நீலம் வானுக்கு, ஆரஞ்சு தொடைக்கு. மற்றப் பேனாக்களின் நிறமும் முறையும் வேறு, உங்களிடம் உள்ளதன் பயிற்சிப் பேனாவை வாங்கி ஒவ்வொரு உதவியாளரும் செய்து பார்க்கட்டும்.

நீலத் தொப்பியை நேராக இழுத்து எடுங்கள். கால்சட்டையைக் கழற்றவேண்டாம், துணி வழியாகவே போகும். ஆனால் பையைத் தொட்டுப் பாருங்கள், சாவியோ போனோ நாணயமோ இருந்தால் ஊசி அதில் மோதும். தொடையின் வெளிப்பக்க நடுவில் 'க்ளிக்' கேட்கும்வரை அழுத்தி 3 விநாடி அப்படியே பிடியுங்கள். சில பேனாக்களில் அது 10 விநாடி, அட்டையைப் பார்க்கவும். எடுத்தபின் ஆரஞ்சு முனை நீண்டு ஊசியை மூடியிருந்தால் மருந்து போயிருக்கிறது. உள்ளே இன்னும் திரவம் தெரிகிறதே, வேலை செய்யவில்லையோ என்று அதையே மறுபடி குத்தாதீர்கள். எபிபென்னில் 2 மி.லி. இருக்கும், போவது 0.3 மி.லி. மட்டும், மீதி 1.7 மி.லி. உள்ளேயே தங்குவதுதான் வடிவமைப்பு. போட்ட நேரத்தைப் பிள்ளையின் கையில் எழுதும் பேனாவால் குறித்துவிடுங்கள்.

வீசிங் இருந்தால் இன்ஹேலர் கொடுக்கலாம், ஆனால் ஊசிக்குப் பிறகு. இன்ஹேலர் மூச்சுக்குழலை மட்டும் தளர்த்தும், தொண்டை வீக்கத்தையோ ரத்த அழுத்தத்தையோ கவனிக்காது. தேனீ கொட்டினால் கொடுக்கைக் கிள்ளி எடுப்பதா சுரண்டி எடுப்பதா என்று யோசித்து நிற்காதீர்கள், எப்படி எடுத்தாலும் சரி, உடனே எடுப்பதுதான் முக்கியம்.

அலர்ஜி_கிளினிக் எழுதியது:

மேலே சொன்னவற்றோடு எனக்கு மாறுபாடு இல்லை. "சரியாகிவிட்டால் ஓய்வு" என்ற கடைசி வரியை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை, அதிலிருந்து தொடங்குகிறேன். அறிகுறிகள் முழுக்க அடங்கிய பிறகு, அந்தப் பொருளை மறுபடி தொடாமலேயே, திரும்ப வருவது உண்டு. சுமார் 20-ல் ஒருவருக்கு, 1 மணி முதல் 72 மணி நேரத்துக்குள். அமெரிக்காவின் 2020 வழிகாட்டுதல் லேசாக வந்து ஒரே டோஸில் அடங்கியவருக்கு அறிகுறி நின்றபின் 1 மணி நேரமும், கடுமையாக வந்தவருக்கும் ஒன்றுக்கு மேல் டோஸ் தேவைப்பட்டவருக்கும் 6 மணி அல்லது அதற்கு மேலும் கண்காணிக்கச் சொல்கிறது. இரண்டு பேனா கையில் இருந்து, முதல் ஊசியிலேயே முழுதாக அடங்கினால் வீட்டிலேயே கவனிக்கலாம் என்று புதிய வழிகாட்டுதல்களில் ஒரு தளர்வு வந்திருக்கிறது. பயிற்சி பெற்ற பெற்றோருக்கு அது பொருந்தலாம். 40 நிமிடத் தொலைவில் உள்ள முகாமுக்குப் பொருந்தாது. ஊசி போட்டால் ஆம்புலன்ஸ், விதிவிலக்கு இல்லை. இரண்டாவது அலையைத் தடுக்கும் என்று ஸ்டீராய்டு கொடுக்கும் வழக்கத்துக்கு ஆதாரம் வலுவில்லை, பிரிட்டனின் 2021 வழிகாட்டுதல் அதை வழக்கமான சிகிச்சையிலிருந்து நீக்கிவிட்டது.

உங்கள் பதிவுப் படிவத்தில் "லேசான அலர்ஜியா, கடுமையான அலர்ஜியா" என்று கேட்டிருந்தால் அந்தக் கேள்வியை எடுத்துவிடுங்கள். தோல் குத்துச் சோதனையின் தடிப்பும் ரத்த ஐஜிஇ (அலர்ஜி சார்ந்த எதிர்ப்புப் புரதம்) எண்ணும் அலர்ஜி இருக்கும் வாய்ப்பைச் சொல்லும். அடுத்த தாக்குதல் எவ்வளவு கடுமை என்று சொல்லாது. போன தடவை உதடு மட்டும் வீங்கிய பிள்ளைக்கு இந்தத் தடவை மூச்சு அடைக்கலாம். ஓட்டம், காய்ச்சல், தூக்கமின்மை, ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரை இவையெல்லாம் எதிர்வினை எளிதில் வரும்படி செய்கின்றன. முகாமில் ஓட்டமும் தூக்கமின்மையும் ஒன்றாகவே வரும். படிவத்தில் அந்தக் கேள்விக்குப் பதிலாக இவற்றைக் கேளுங்கள்: ஆஸ்துமா உண்டா, கட்டுப்பாட்டில் இருக்கிறதா? இதற்கு முன் அட்ரினலின் தேவைப்பட்டதா? வாய்வழி இம்யூனோதெரபியில் இருக்கிறாரா?

கடைசிக் கேள்வி பலருக்குத் தோன்றாது. வேர்க்கடலைப் புரதத்தை நாள்தோறும் அளந்து உண்டு உடலைப் பழக்கும் சிகிச்சை அது. 2018-இல் வெளியான பாலிசேட் ஆய்வில் சிகிச்சை பெற்ற பிள்ளைகளில் 67.2 சதவீதம் பேர் 600 மி.கி. புரதத்தைத் தாங்கினார்கள், போலி மருந்து பெற்றவர்களில் 4 சதவீதம். ஆனால் அந்தத் தினசரி டோஸே எதிர்வினையைக் கிளப்பலாம். டோஸுக்குப் பின் சில மணி நேரம் விளையாட்டும் வெந்நீர்க் குளியலும் கூடாது. காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்தால் டோஸைக் குறைப்பதையோ நிறுத்துவதையோ அவர்களுடைய கிளினிக்கைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். காலை டோஸ் எடுத்த பிள்ளையை அடுத்த மணியே ஓட்டப்பந்தயத்துக்கு அனுப்பிவிடாதீர்கள். ஒமாலிசுமாப் ஊசி பெறுபவர்களும் வரலாம், உணவு அலர்ஜிக்கு 2024 பிப்ரவரியில் அமெரிக்க அனுமதி பெற்றது. தெரியாமல் கொஞ்சம் உள்ளே போனால் தாங்கும் அளவை அது உயர்த்துகிறது. அதைப் பெறும் பிள்ளையும் விலக்க வேண்டியதை விலக்கியே ஆகவேண்டும், பேனாவும் கூடவே இருக்கவேண்டும்.

மருத்துவமனைக்குப் போகும் உதவியாளரிடம் எப்போது தொடங்கியது, எதைச் சாப்பிட்டது, எத்தனை மணிக்கு எத்தனை டோஸ் என்று எழுதிய சீட்டையும் உணவுப் பொட்டலத்தின் லேபிளையும் கொடுத்தனுப்புங்கள். ரத்த டிரிப்டேஸ் (மாஸ்ட் செல்கள் கொட்டும் ஒரு நொதி) எடுப்பதானால் 30 நிமிடம் முதல் 2 மணி நேரத்துக்குள் எடுப்பது சிறப்பு, 24 மணி நேரம் கழித்து அடிப்படை அளவுக்கு இன்னொன்று. அடிப்படை எண்ணை 1.2-ஆல் பெருக்கி 2 கூட்டினால் வரும் எண்ணை முதல் அளவு எட்டினாலே மாஸ்ட் செல்கள் கொட்டின என்று பொருள். உணவு அலர்ஜியில் இது பல தடவை உயராமலே இருக்கும், "டிரிப்டேஸ் நார்மல், ஆகவே அனாபிலாக்சிஸ் இல்லை" என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். தோல் சோதனையை 4–6 வாரம் கழித்துச் செய்வது நல்லது, உடனே செய்தால் அலர்ஜி இருந்தும் இல்லை என்று காட்டக்கூடும்.

முகாம்_பொறுப்பு எழுதியது:

புதிய தாளின் வாசகம், பார்த்துச் சொல்லுங்கள்: "சந்தேகம் வந்தால் படுக்கவைத்துத் தொடையில் பேனா. நேரத்தை எழுது. ஆம்புலன்ஸை அழை, 'அனாபிலாக்சிஸ்' என்ற சொல்லைச் சொல். 5 நிமிடத்தில் தேறவில்லையென்றால் இரண்டாவது பேனா. தடிப்பு மட்டும் இருந்தால் செட்டிரிசின் கொடுத்துப் பேனாவுடன் அருகிலேயே இரு. ஆம்புலன்ஸ் வந்ததும் கைத்தாங்கலாக வாசலுக்கு அழைத்துப் போ."

அவசரப்பிரிவு_மருத்துவர் எழுதியது:

கடைசி வாக்கியம் தவிர எல்லாம் சரி. ஊசி போட்டு முகம் தெளிந்த பிள்ளை "நான் நடப்பேன்" என்றுதான் சொல்லும், அப்படி எழுந்த இடத்திலேயே சரியலாம். "ஸ்ட்ரெச்சர் பிள்ளை படுத்திருக்கும் இடத்துக்கே வரவேண்டும், படுத்தபடியே ஏற்றவும்" என்று மாற்றுங்கள். ஸ்ட்ரெச்சர் நுழையும் அகலம் அந்தக் கதவுக்கு இருக்கிறதா என்று முகாம் தொடங்கும் முன்பே அளந்து பார்த்துவிடுங்கள்.